விளாவிய பதில்கள்

மார்கழி பிறந்துவிட்டது. அரசியல், சினிமா, ஜோசியம் எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டு இந்த முறை எல்லோரும் வெந்நீரைப் பற்றியே கேட்டிருக்கிறீர்கள். கேள்விகள் கொதிக்கக் கொதிக்க வந்தன. பதில்களைக் கைபொறுக்கும் சூட்டில் விளாவித் தருகிறேன்.

கே: வெந்நீர், வென்னீர், வெண்ணீர். என் வகுப்பில் மூன்றும் எழுதுகிறார்கள். எது சரி? (தமிழாசிரியை, தஞ்சாவூர்)

ப: வெம்மை + நீர் = வெந்நீர். 'வெண்ணீர்' என்றால் வெள்ளை நீர், அதைப் பால்காரரிடம் கேட்க வேண்டும். 'வென்னீர்' எந்தப் போட்டியிலும் வெல்லாது.

கே: எங்க ஊருல சுடுதண்ணின்னுதானுங்க சொல்லுவோம். அது தப்புங்களா? (பொள்ளாச்சி)

ப: தண்மை என்றால் குளிர்ச்சி. தண்மை + நீர் = தண்ணீர். ஆக, சுடுதண்ணீர் என்றால் 'சுடுகிற குளிர்நீர்'. இலக்கணக்காரர் புருவத்தை உயர்த்துவார்.

ஆனால் கொதிநீரில் பச்சைத் தண்ணீரை ஊற்றி விளாவிய பிறகு வாளியில் இருப்பது என்ன? சூடும் தண்மையும் கலந்த நீர். நாம் குளிப்பது அதில்தானே! பொள்ளாச்சி சொல்வது ரொம்பச் சரிங்க.

கே: கீசரா, கெய்சரா? வீட்டில் தினமும் வாக்குவாதம். (கும்பகோணம்)

ப: கெய்சர் ஜெர்மனியை ஆண்டவர். 1918-ல் முடி துறந்து போய்விட்டார். சுவரில் தொங்குவது கீசர்.

பெயர் வந்தது ஐஸ்லாந்திலிருந்து. அங்கே ஹௌகாடாலூர் பள்ளத்தாக்கில் பூமியைப் பிளந்துகொண்டு பீறிடும் ஒரு வெந்நீர் ஊற்று உண்டு. பீறிடுவது என்பதுதான் அந்தப் பெயரின் பொருளும். ஊர்க்காரர்கள் அதை 'கேய்சிர்' என்கிறார்கள். ஆகவே கெய்சர் கட்சியும் முழுக்கத் தோற்கவில்லை. சமாதானமாகப் போய்க் குளியுங்கள்.

கே: அந்தப் பெயரைக் குளியலறைக்குள் கொண்டுவந்தவர் யார்? (விருதுநகர்)

ப: லண்டனில் பெயின்டர் தொழில் செய்த பெஞ்சமின் வாடி மாகன். 1868-ல் தண்ணீர் ஓட ஓடவே கேஸ் தீயால் சுடவைக்கும் கருவியைச் செய்து, அதற்குக் கீசர் என்று பெயரிட்டார். அதில் புகைபோக்கி கிடையாது. அந்தக் குறை இன்றும் நம் ஊர்க் குளியலறைகளில் உயிரை வாங்குகிறது. கீழே கோவைக்காரர் கேள்வியைத் தவறாமல் படியுங்கள்.

1889-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் எட்வின் ரூட் என்பவர், தண்ணீரைத் தொட்டியில் தேக்கித் தானாகவே சூடாக்கும் ஹீட்டரைச் செய்தார். அவர் நார்வேயில் பிறந்தவர். குளிரில் பிறந்தவருக்குத்தானே வெந்நீரின் அருமை தெரியும்!

கே: ஒரு வாளி வெந்நீருக்கு எவ்வளவு கரண்ட் ஆகும்? (ஈரோடு)

ப: 15 லிட்டர் வாளி. 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு ஏற்றச் சுமார் கால் யூனிட். ஊட்டியில் விடியற்காலைத் தண்ணீர் 10 டிகிரியில் இருந்தால் அரை யூனிட்.

கால் யூனிட்தானே என்று நினைத்துவிடாதீர்கள். அதே சக்தியைக் கொண்டு அந்த வாளியைத் தூக்கினால் 6 கிலோமீட்டர் உயரத்துக்குப் போகும். தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான்! தண்ணீரை மலையேற்றிவிடலாம், சூடேற்றுவதுதான் பெரும்பாடு.

கே: இன்ஸ்டன்ட் கீசர் வாங்கவா, தொட்டி வைத்ததா? (ஐ.டி. ஊழியர், சென்னை)

ப: காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டதுபோல் ஆபீசுக்கு ஓடுகிறவரா நீங்கள்? இன்ஸ்டன்ட் போதும். 3 கிலோவாட் கருவி சென்னைத் தண்ணீரைக் குளிக்கும் பதத்தில் நிமிடத்துக்கு 3 லிட்டர் அளவுக்குத் தரும். வாளி நிறைய ஐந்து நிமிடம். ஷவரைத் திறந்தால் தூறல்தான் விழும். ஷவரில் நின்று பாடுகிற பழக்கம் இருந்தால் தொட்டி வாங்குங்கள்.

கே: 15 லிட்டர் தொட்டியில் எத்தனை பேர் குளிக்கலாம்? (சிவகாசி)

ப: விளாவத் தெரிந்தவர்களாக இருந்தால் இரண்டு பேர். தொட்டியில் 60 டிகிரி, குழாயில் 27 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பங்கு வெந்நீருக்கு மூன்று பங்கு பச்சைத் தண்ணீர் விட்டால் 40 டிகிரி. 15 லிட்டர் 37 லிட்டராகப் பெருகிவிடும். ஷவர் என்றால் ஒருவர்தான், அதுவும் பாட்டு வராதவர்.

கே: ஐந்து நட்சத்திர கீசர் தண்ணீரைச் சீக்கிரம் சுடவைக்குமா? (திருச்சி)

ப: வைக்காது. உள்ளே போகும் கரண்ட் முழுவதும் சூடாவதில் எல்லா கீசரும் ஒரே ஜாதி. சேர்த்த சூட்டைத் தொட்டி எவ்வளவு நேரம் காப்பாற்றுகிறது என்பதற்குத்தான் நட்சத்திரம். சம்பாதிப்பவருக்குக் கிடைக்காது, சிந்தாமல் வைத்திருப்பவருக்குக் கிடைக்கும் பட்டம் அது.

கே: கீசரை நாள் முழுக்க ஆனில் வைத்தால் கரண்ட் மிச்சம் என்கிறாரே என் மாமனார்? (நாமக்கல்)

ப: மாமனாருக்கு என் வணக்கம். கணக்கு மட்டும் அவர் பக்கம் இல்லை. தண்ணீர் எவ்வளவு நேரம் சூடாக இருக்கிறதோ அவ்வளவு நேரமும் தொட்டியின் சுவர் வழியே சூடு வெளியேறிக்கொண்டே இருக்கும். குளிப்பதற்குக் கால் மணி, இருபது நிமிடம் முன்னால் போடுங்கள், முடிந்ததும் அணையுங்கள். இதை அவரிடம் பண்டிகை முடிந்த பிறகு சொல்லுங்கள்.

கே: தெர்மோஸ்டாட்டை 40 டிகிரியில் வைத்துவிட்டால் விளாவும் வேலையே மிச்சமாகுமே? (ஓசூர்)

ப: மிச்சமாகும், ஆனால் கிருமிக்கு வாடகையில்லா வீடு கட்டிக் கொடுத்தவர் ஆவீர்கள். லெஜியோனெல்லா என்றொரு பாக்டீரியா. 1976-ல் பிலடெல்பியா ஓட்டல் ஒன்றில் கூடிய முன்னாள் படைவீரர்கள் பலரை நிமோனியாவில் வீழ்த்தித் தன் பேரை வாங்கிக்கொண்டது. 20 முதல் 45 டிகிரிவரை தேங்கும் தண்ணீர் அதற்குச் சொர்க்கம். 60-ல் அதன் கதை முடியும். தொட்டியில் 60-ல் தேக்குங்கள், வாளியில் 40-க்கு இறக்குங்கள்.

கே: குழந்தையைக் குளிப்பாட்ட முதலில் எதை ஊற்றுவது? (புதுத் தாய், மதுரை)

ப: எப்போதும் பச்சைத் தண்ணீர் முதலில், வெந்நீர் பிறகு. இடையில் போன் அடித்தாலும், குழந்தை தவழ்ந்து வந்து கையை விட்டாலும் வாளியில் இருப்பது சுடாத தண்ணீராக இருக்கும். 60 டிகிரி தண்ணீர் பெரியவர் தோலையே சுமார் ஐந்து விநாடியில் வேகவைத்துவிடும். குழந்தைக்கு அத்தனை விநாடிகூட வேண்டாம். உள்ளங்கை அடுப்படியில் பழகிய கை, அது பொய் சொல்லும். முழங்கையை விட்டுப் பாருங்கள் தாயே, அது உண்மை சொல்லும்.

கே: கீசர் பக்கத்தில் ஒரு சின்ன வால்வு அவ்வப்போது சொட்டுகிறது. 'அடைச்சு விட்டுடலாம் சார்' என்கிறார் பிளம்பர். (வேலூர்)

ப: பிளம்பருக்கு ஒரு காபி கொடுத்து அவர் வாயை அடையுங்கள். வால்வை அடைக்காதீர்கள்.

15 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏறும்போது சுமார் 200 மில்லி கூடுதலாக இடம் கேட்கும். ஒரு டம்ளர். தண்ணீரை அமுக்கிச் சுருக்க யாராலும் ஆகாது. அந்த ஒரு டம்ளருக்கு வழிவிடத்தான் வால்வை வைத்திருக்கிறார்கள்.

வழியை அடைத்துவிட்டு, ஒருநாள் தெர்மோஸ்டாட்டும் பழுதாகி அணையாமல் போனால்? உள்ளே தண்ணீர் 100 டிகிரி தாண்டியும் கொதிக்க இடமில்லாமல் இறுகிக் கிடக்கும். தொட்டி விரிசல் விட்ட அந்த நொடியில் ஒரு பகுதி ஆவியாக மாறும். ஆவிக்குத் தண்ணீரைப்போல் 1,600 மடங்கு இடம் வேண்டும். உங்கள் குளியலறை அவ்வளவு பெரிதில்லை.

சூடேறும்போது சொட்டுகிற வால்வு, வேலை செய்கிற வால்வு. ஓயாமல் ஒழுகினால் மட்டும் மாற்றுங்கள்.

கே: எங்கள் கீசர் உள்ளே கடகடவென்று பேசுகிறது. பேய் பிடித்திருக்குமா? (ராமநாதபுரம்)

ப: உப்பு பிடித்திருக்கிறது. போர் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, சூடுபட்டதும் பிரிந்து ஹீட்டர் காயில்மேல் காரையாகப் படியும். சர்க்கரை சூட்டில் அதிகம் கரையும், சுண்ணாம்பு சூட்டில் கரைய மறுக்கும். காரைக்கு அடியில் மாட்டிய தண்ணீர் கொதித்து வெடிக்கும் சத்தம்தான் உங்களுக்குக் கேட்பது. மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காயிலைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். மந்திரவாதிக்குக் கொடுக்கும் தட்சணையைவிடக் குறைவாகத்தான் கேட்பார்.

கே: சர்வீஸ் செய்ய வந்தவர் கீசருக்குள்ளிருந்து அரித்துப்போன ஒரு குச்சியைக் காட்டி 'மாத்தணும்' என்றார். ஏமாற்றுகிறாரா? (சேலம்)

ப: நல்லவர். அது மெக்னீசியக் குச்சி. தொட்டியின் இரும்பை அரிக்க வரும் ரசாயனத்துக்குத் தன்னைத் தின்னக் கொடுத்துத் தொட்டியைக் காப்பாற்றுகிறது. ஹம்ப்ரி டேவி 1824-லேயே கப்பல்களின் செப்புத் தகட்டைக் காக்க இந்த வித்தையைக் கண்டுபிடித்தார். குச்சி கரைந்திருந்தால் கடமையைச் செய்திருக்கிறது என்று பொருள். வாரிசை நியமித்துவிடுங்கள்.

கே: அண்ணாச்சி, ஹாஸ்டல்ல ஹீட்டர் ராடுதான் கதி. வெந்நி காஞ்சிட்டான்னு விரலை விட்டுப் பாக்கிறது தப்பா? (மாணவர், தென்காசி)

ப: தம்பி, இந்த ஒரு பதிலை மட்டும் சுவரில் ஒட்டி வை.

ராடுக்குள் ஓடுவது 230 வோல்ட். அதற்கும் தண்ணீருக்கும் நடுவில் இருப்பது ஒரு மெல்லிய உலோக உறையும் அதற்குள் திணித்த வெள்ளைப் பொடியும்தான். உறை எங்காவது ஓட்டை விழுந்தால் அந்தப் பொடி ஈரமாகும், வாளித் தண்ணீருக்குள்ளேயே மின்சாரம் வந்துவிடும். பார்த்தால் தெரியாது, வாசனை வராது. விரலை விட்டதும் மட்டும் தெரியும்.

முதலில் சுவிட்சை அணை. பிறகு பிளக்கையே பிடுங்கு. சுவிட்சை மட்டும் நம்பாதே. வயரிங் செய்தவர் அதை ஃபேஸில் போடாமல் நியூட்ரலில் போட்டிருந்தால், அணைத்த பிறகும் ராடுக்கு உயிர் இருக்கும். பிளக் கைக்கு வந்தபின் விரலை விடு.

பிளாஸ்டிக் வாளி போதும், இரும்பு வாளி வேண்டாம். ராடில் குறித்திருக்கும் கோடுவரை தண்ணீர் இருக்க வேண்டும். மூன்று முள் பிளக்கில் மேல் முள்ளை உடைத்துவிட்டு இரண்டு முள் சாக்கெட்டில் செருகும் வீரர்கள் ஹாஸ்டலுக்கு நாலு பேர் இருப்பார்கள். அந்த மேல் முள்தான் எர்த். அதை உடைத்த கையை நீயே போய்த் தடுத்துவிடு.

வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை, ஐ.எஸ். 368 என்ற எண், இரண்டும் இருக்கிறதா என்று பார். இல்லாதது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விலை அதிகம்.

கே: கீசர் போட்டால் வீட்டு ட்ரிப்பர் விழுகிறது. எலக்ட்ரீஷியன் 'ட்ரிப்பரைக் கழட்டிடலாம்' என்கிறார். (திருவள்ளூர்)

ப: நாய் குரைக்கிறது என்று நாயை விரட்டிவிட்டால் திருடன் போய்விடுவானா? 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண்ணிமைக்குமுன் இணைப்பை வெட்டும் காவல்காரன் அது. கீசரில் கசிவு இருக்கிறது. கழற்ற வேண்டியது கீசரை.

கே: புது வீடு. குளியலறைக்குள்ளேயே கேஸ் கீசர் மாட்டலாமா? ஜன்னல் இருக்கிறது. (கோவை)

ப: மாட்டாதீர்கள். ஜன்னல் இருந்தாலும் மாட்டாதீர்கள். மார்கழிக் குளிரில் அந்த ஜன்னலை நீங்களே சாத்துவீர்கள்.

கேஸ் எரியக் காற்று வேண்டும். சின்ன அறையில் பிராணவாயு குறையக் குறைய, தீ அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடைக் கக்கும். நம் ரத்தத்தின் ஹீமோகுளோபின் பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலான ஆசையோடு இந்த விஷத்தைப் பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு கிறுகிறுப்பு, வாந்தி. எழுந்து தாழ்ப்பாளைத் திறக்கத் தோன்றும்போது கால் கேட்காது. வலிப்பு வந்து விழுந்தவர்களும் உண்டு. காக்காய் வலிப்பு என்று மாத்திரை கொடுத்து, பிறகு காரணம் கீசர் என்று கண்டுபிடித்த கதைகளை இந்திய நரம்பியல் மருத்துவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

சமையல் கேஸ் கசிந்தால் தெரியட்டும் என்று அதில் நாற்றத்தைச் சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு அப்படி நாற்றம் சேர்த்துக் கொடுப்பார் யாருமில்லை. நிறமும் இல்லை.

கேஸ் கீசர்தான் வேண்டுமென்றால் வெளியே, காற்றாடும் பால்கனியிலோ பின்கட்டிலோ மாட்டி, குழாயை மட்டும் உள்ளே விடுங்கள். ஏற்கெனவே உள்ளே மாட்டியிருப்பவர்கள் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு இன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள். நான் காத்திருக்கிறேன்.

கே: மே மாதம் மாடி டேங்கில் வெந்நீர் இலவசம், ஜனவரியில் கிடைப்பதில்லை. மாற்றி வைக்க முடியாதா? (கடலூர்)

ப: உங்கள் டேங்கைப் பார்த்துத்தான் உலகமே கற்றது! கறுப்பு வண்ணம் பூசிய தொட்டியை வெயிலில் வைத்தால் தண்ணீர் சூடாகும், ஆனால் சூரியன் சாய்ந்ததும் ஆறிவிடும். 1891-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் கிளாரன்ஸ் கெம்ப் அந்தக் கறுப்புத் தொட்டிகளை ஒரு பெட்டிக்குள் வைத்துக் கண்ணாடியால் மூடினார். விற்பனைக்கு வந்த முதல் சோலார் ஹீட்டர் அதுதான். ஜனவரிக்கு ஒரு கண்ணாடி குறைகிறது உங்களுக்கு, அவ்வளவே.

கே: மாடி சோலாரில் மோட்டாரே இல்லை. தண்ணீர் எப்படிச் சுற்றுகிறது? (தருமபுரி)

ப: சூடானது லேசாகி மேலே ஏறும், குளிர்ந்தது கனத்துக் கீழே இறங்கும். குழாய்கள் கீழே, தொட்டி மேலே. சூரியன் இருக்கும்வரை ராட்டினம் நிற்காது. அந்தக் கண்ணாடிக் குழாய்களுக்கு இரட்டைச் சுவர், நடுவில் வெற்றிடம். காபி பிளாஸ்க்கின் ஒன்றுவிட்ட தம்பிகள்.

கே: சோலார் இருந்தும் காலையில் முதலில் பச்சைத் தண்ணீர்தானே வருகிறது? (அதே தருமபுரி, பக்கத்து வீடு)

ப: மாடிக்கும் குளியலறைக்கும் நடுவே குழாயில் ராத்திரி முழுக்கக் கிடந்து ஆறிய தண்ணீர் அது. அரை அங்குலக் குழாய் பத்து மீட்டர் ஓடினால் ஒன்றேகால் லிட்டருக்குமேல் பிடிக்கும். கொட்டிவிடாதீர்கள், வாளியில் பிடியுங்கள். விளாவ எப்படியும் பச்சைத் தண்ணீர் வேண்டுமே. முன்னதாகவே வந்து நிற்கிறது, புண்ணியவான்!

கே: வெந்நீர்க் குழாய் பாம்புபோல் நெளிந்துவிட்டது. (தேனி)

ப: சாதா பி.வி.சி. போட்டிருக்கிறீர்கள். 60 டிகிரியில் அது இளகிவிடும். வெந்நீருக்கு சி.பி.வி.சி. 90 டிகிரிவரை நிமிர்ந்து நிற்கும். ஓர் எழுத்துதான் வித்தியாசம், முதுகெலும்பு அதில் இருக்கிறது.

கே: வீடு கட்டினால் சோலார் ஹீட்டர் வைத்தே ஆக வேண்டும் என்று சட்டம் போட்ட நாடு உண்டா? (புதுச்சேரி)

ப: இஸ்ரேல், 1980. எண்ணெய் நெருக்கடி சுட்டது, சூரியன் ஞாபகத்துக்கு வந்தது. நமக்கு அவர்களைவிட வெயில் குறைவில்லை.

கே: ஹீட் பம்ப் என்று விற்கிறார்கள். ஒரு யூனிட் கரண்ட் போட்டால் மூன்று யூனிட் சூடு தருமாம். மோசடியா? (பெங்களூர்த் தமிழர்)

ப: உண்மை. அது சூட்டை உண்டாக்குவதில்லை, காற்றிலிருந்து அள்ளித் தண்ணீருக்குள் தள்ளுகிறது. ஒரு யூனிட் கூலி, மூன்று யூனிட் சரக்கு. உங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் பின்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், சுடும். தக்காளியின் சூட்டை அள்ளி அங்கே கொட்டுகிறது. அதே யந்திரம்தான், திருப்பி மாட்டியிருக்கிறார்கள்.

கே: ஐயா, 'வெந்நீரில் வீடு வேகாது' எண்டு அம்மம்மா சொல்லுவா. இஞ்ச லண்டனில் வெந்நீரை ஓடவிட்டுத்தானே வீட்டையே சூடாக்கினம்? (ஈஸ்ட்ஹாம்)

ப: அம்மம்மா சொன்னது கூரை வீட்டுக்கு. லண்டனில் பாய்லர் தண்ணீரைக் காய்ச்சி அறை அறையாக ரேடியேட்டருக்கு அனுப்புகிறது. வீடு வேகவில்லை, வெதுவெதுப்பாகிறது. மாதக் கடைசியில் பில்லைப் பார்க்கும்போதுதான் வயிறு வேகும்.

வெப்பத்தைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். 2005-லிருந்து அங்கே பொருத்தும் கேஸ் பாய்லர்கள் பெரும்பாலும் புகையிலுள்ள நீராவியைக் குளிரவைத்து அதன் சூட்டையும் பிடுங்கிக்கொள்ளும் ரகம். ரேடியேட்டரைச் சுற்றித் திரும்பி வரும் தண்ணீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அந்த வித்தை பலிக்கும். அதிகச் சூடு வைத்தால் ஆவியும் காசும் சேர்ந்து புகைபோக்கி வழியே போகும்.

கே: எங்கட ரேடியேட்டர் மேல் பக்கம் குளிர், கீழ்ப்பக்கம் சூடு. அக்கா வீட்டில் மறுவளம். ஏன்? (அதே ஈஸ்ட்ஹாம்)

ப: உங்கள் வீட்டில் காற்று, அக்கா வீட்டில் சேறு. காற்று மேலே ஏறி உட்கார்ந்து தண்ணீருக்கு இடம் விடவில்லை. ஓரத்தில் உள்ள சின்னத் திருகைச் சாவியால் திறந்தால் 'உஸ்' என்று பெருமூச்சு விட்டுப் போய்விடும். அக்கா வீட்டில் இரும்புத் துரு கறுப்புச் சேறாகி அடியில் படிந்திருக்கிறது. அதைக் கழுவ ஆள் வேண்டும். உங்களுக்குச் சாவி, அவருக்குச் செலவு.

கே: பாய்லரே இல்லாமல் ஊருக்கே வெந்நீர் கிடைக்கும் இடம் உண்டா? (கரூர்)

ப: ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக். 1930-ல் ஊற்று நீரைக் குழாயில் கொண்டுவந்து ஒரு பள்ளிக்கூடத்தையும் சில வீடுகளையும் சூடாக்கத் தொடங்கினார்கள். இன்று அந்த நாட்டில் பத்தில் ஒன்பது வீடுகளைப் பூமிதான் சூடாக்குகிறது. எரிமலைமேல் குடியிருந்தால் இப்படி ஒரு சலுகை.

கே: திருகோணமலை கன்னியா வெந்நீர் ஊற்றுக்கு விறகு போடுறது ஆர்? (திருகோணமலை)

ப: பூமித்தாய். மழைத்தண்ணீர் பாறை வெடிப்பு வழியே ஆழத்துக்கு இறங்கி, சூடேறி மேலே வருகிறது. பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினாலே சுமார் 25 டிகிரி கூடும். ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. இராவணன் தாய்க்குக் கருமம் செய்யத் தோண்டியது என்று ஊர்க்கதை. பிள்ளை செய்த கடமை இன்னும் ஆறவில்லை!

கே: தீயும் கரண்டும் வெயிலும் இல்லாமல் வெந்நீர் போட முடியுமா? (பள்ளி மாணவி, அரியலூர்)

ப: ஒருவர் போட்டுக் காட்டினார். ரம்ஃபோர்டு பிரபு, மியூனிக் பீரங்கிச் சாலை. பீரங்கிக் குழாயைத் துளைக்கும்போது ஏன் இப்படிச் சுடுகிறது என்று யோசித்தவர், அதைத் தண்ணீர்ப் பெட்டிக்குள் வைத்து மழுங்கிய துரப்பணத்தால் தேய்த்தார். இரண்டரை மணி நேரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. 1798-ல் அறிக்கை வெளிவந்தது. சூடு என்பது ஒரு திரவம் என்று நம்பியவர்கள் முகத்தில் அந்த வெந்நீர் தெறித்தது. வேலை செய்தது யார் என்கிறாய்? குதிரை.

கே: வெந்நீர் சீக்கிரம் ஐஸ் ஆகும் என்கிறார்களே? (நாகர்கோவில்)

ப: தான்சானியாவில் 1963-ல் ஐஸ்கிரீம் செய்த எராஸ்டோ ம்பெம்பா என்ற பள்ளி மாணவன் கேட்ட கேள்வி. வகுப்பில் சிரித்தார்கள். விஞ்ஞானிகள் இன்னும் சண்டை போடுகிறார்கள். சிரித்தவர்கள் பெயர் யாருக்கும் தெரியவில்லை.

கே: இரவில் வெந்நீரில் குளித்தால் தூக்கம் வருமா? (விழுப்புரம்)

ப: படுக்க ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் குளித்தால் வரும். வெந்நீர் தோலுக்கு ரத்தத்தை இழுக்கிறது, பிறகு உடம்பின் உள்சூடு இறங்குகிறது, அந்த இறக்கத்தில்தான் தூக்கம் வந்து உட்காரும். குளித்த கையோடு போனை எடுத்தால் வந்த தூக்கம் வாசலோடு போய்விடும்.

கே: தீபாவளியன்று மட்டும் 'கங்கா ஸ்நானம் ஆச்சா?' என்று கேட்கிறார்களே, கங்கை நம் வீட்டுக்கு எப்படி வந்தாள்? (மயிலாடுதுறை)

ப: அன்று விடியலில் வெந்நீரில் கங்கை இருக்கிறாள் என்பது நம்பிக்கை. எண்ணெய் தேய்த்த உடம்புக்குப் பச்சைத் தண்ணீர் போதாது, எண்ணெய் போகச் சூடு வேண்டும். இமயத்துப் பனியாக இருந்தவளை வெந்நீர் அண்டாவுக்குள் அழைத்து வந்த நம் பாட்டிமார்களின் அன்பை என்ன சொல்ல!

கே: பாட்டி காலத்துத் தாமிர பாய்லர் பரணில் கிடக்கிறது. பழைய பாத்திரக்காரர் எடைக்குக் கேட்கிறார். கொடுத்துவிடவா? (காரைக்குடி)

ப: கையை எடுங்கள் அதிலிருந்து!

அதன் நடுவில் ஒரு குழாய், அதில் நெருப்பு. சுற்றிலும் தண்ணீர். நெருப்பை நடுவில் வைத்துச் சுற்றித் தண்ணீரைக் கட்டியதால் சூடு வெளியே ஓட முடியாது, தண்ணீரைத் தொட்டுத்தான் போக வேண்டும். ருஷ்யர்களின் சமோவாரும் இதே கட்டுமானம். கொட்டாங்குச்சி, காய்ந்த பாளை, தென்னை மட்டை, எதைப் போட்டாலும் ஏற்றுக்கொள்ளும்.

அழகு எங்கே தெரியுமா? புனலில் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால்தான் மூக்கு வழியே ஒரு சொம்பு வெந்நீர் வரும். கொடுத்தால்தான் கொடுக்கும். உங்கள் சுவரில் தொங்கும் கீசரும் அப்படியே. கீழே குளிர்நீர் நுழைந்து தள்ளினால்தான் மேலே உள்ள வெந்நீர் வெளியேறும். மாடி டேங்க் காலியான அன்று தொட்டி நிறைய வெந்நீர் இருந்தும் குழாயில் சொட்டு வராததற்குக் காரணம் இதுதான். பாட்டியின் பாய்லரைப் புரிந்துகொண்டவருக்குக் கீசர் புதிதில்லை.

ஒன்று மட்டும். முற்றத்தில் வைத்து மூட்டுங்கள், அறைக்குள் வேண்டாம். கோவைக்காரருக்குச் சொன்ன விஷப்புகை கரியிலும் உண்டு. புளி போட்டுத் தேய்த்து, ஒரு பொங்கலுக்காவது பற்றவையுங்கள். பாளை எரியும் வாசனையோடு அந்த வெந்நீரை ஒரு சொம்பு முதுகில் ஊற்றிப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். அதற்கப்புறம் பாத்திரக்காரரை நீங்களே விரட்டுவீர்கள்.

கே: மாமா, கீசர்ல சிவப்பு லைட் எரியுது, அப்புறம் தானே அணையுது. உள்ளே யார் இருக்கா? (ஏழு வயது, மன்னார்குடி)

ப: உள்ளே ஒரு பித்தளைக் குச்சி இருக்கிறது கண்ணே. தண்ணீர் சுடச்சுட அதுவும் நீளும். போதுமான அளவு நீண்டதும் ஒரு குட்டி சுவிட்ச் விழும், விளக்கு அணையும். தண்ணீர் ஆறினால் குச்சி சுருங்கும், விளக்கு மறுபடி எரியும்.

நாளைக் காலையில் அம்மா கீசர் போட்டதும் குளியலறை வாசலில் சத்தம் போடாமல் நின்று கேள். 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். வந்ததும் நீயே ஓடிப்போய்ச் சொல்: "அம்மா, வெந்நீர் ரெடி!"